காரணம் எழுதாத கட்டம்

மாசி 3, சனிக்கிழமை

இந்த நோட்டு பல்கலைக்கழகத்துக்காக எழுதுவது. நானாக ஆசைப்பட்டு எழுத உட்காரவில்லை.

என் பெயர் நல்லம்மாள். ஐந்தாவது வரை படித்தேன். ஒரே மகன் தனவேல், மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறான். அவன் பெண்சாதி மலர்க்கொடி முப்பத்து நாலு வயதில் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். இவள் காலேஜுக்குப் போவதில்லை, காலேஜ் போனுக்குள் வருகிறது. வேளாண் வணிக மேலாண்மை என்று அதற்குப் பெயர். பாதிப் படிப்பு போனில், மீதிப் பாதி வேலை செய்கிற இடத்தில். வேலை செய்கிற இடம் என்றால் நம் வெங்காயக் காடு. அங்கே மேலே ஒருவர் இருந்து, மாணவர் என்ன செய்தார் என்று தேதி போட்டு எழுதித் தர வேண்டுமாம். சனிக்கிழமை தோறும் அவள் அதைப் படம் பிடித்து அனுப்புவாளாம். பட்டா என் பேரில் இருப்பதால் நான்தான் பணியிட மேற்பார்வையாளர்.

"வேற ஆளே கெடைக்கலையா ஒனக்கு?"

"கெடைச்சிருந்தா ஒங்ககிட்ட வருவனா அத்தை?"

இப்படிப் பதில் சொல்கிறவளுக்கு நான் கைப்பட நற்சான்று எழுத வேண்டும்.

எதற்கு இந்த வயதில் படிப்பு என்றால், டவுனில் உழவர் கம்பெனிக் கிடங்குக்கு மேலாளர் எடுக்கப் போகிறார்கள். இவள் இப்போது அங்கே கூலிக்கு வெங்காயம் தரம் பிரிக்கிறாள். சித்திரைக்குள் படிப்பு முடிந்தால் வேலை இவளுக்கு. முடியாவிட்டால் வேறு யாருக்கோ. அவ்வளவுதான் விஷயம்.

இந்த வாரம் மாணவர் வெங்காயம் பிடுங்கினார். நான்கு ஆட்களோடு சேர்ந்து பிடுங்கினார். குறை இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார் கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார், அங்கேதான் டவர் எடுக்கிறதாம். "மாட்டுக்கு யாருடி தண்ணி காட்டறது" என்று நான் கத்தியது நாற்பது பேர் காதில் விழுந்ததாம். பாடம் நடத்துகிற மேடமே சிரித்துவிட்டாராம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? மாடு நின்றுகொண்டுதானே இருந்தது.

மாசி 5, திங்கள்

மோட்டார் காயில் போய்விட்டது. இதையும் எழுத வேண்டுமா தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

மாசி 10, சனி

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. ஷகிலா பானு மேடம் எழுதியிருக்கிறார், மலர்க்கொடி படித்துக் காட்டினாள். "மேற்பார்வையாளரின் பதிவு விரிவாக உள்ளது. மாணவர் என்ன கற்றுக்கொண்டார் என்பதையும் எழுதவும்."

அவள் என்ன கற்றுக்கொண்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னிடமா சொல்கிறாள்.

நடந்ததை எழுதுகிறேன். வெங்காயம் தாளோடு களத்தில் கிடக்கிறது. புதன்கிழமை வானம் கறுத்தது. என் ஓர்ப்படி அஞ்சலை அதற்குள் பட்டறை போட்டு மேலே கீற்றும் வேய்ந்துவிட்டாள். பட்டறை என்பது எங்கள் பக்கம் வெங்காயத்தை மூன்று நாலு மாதம் கெடாமல் வைக்கிற இடம். தரையில் கல் வைத்து, அதன்மேல் குச்சி பரப்பி, இரண்டு பக்கமும் கம்பி வலை கட்டி, நடுவில் வெங்காயத்தைக் கொட்டி, மேலே கீற்று வேய்வோம். அஞ்சலை வேலியோரம் நின்று, "என்ன நல்லம்மா, ஒங்க பட்டறை இந்த வருசம் உண்டா இல்லையா" என்றாள். அவளுக்கு எதிலும் முந்திக்கொள்ள வேண்டும். கல்யாணப் பந்தியிலேயே எனக்கு முன்னால் போய் உட்கார்ந்தவள்.

மலர்க்கொடி ஒரு வெங்காயத்தை எடுத்துத் தாளைத் திருகிப் பார்த்தாள். "அடியில இன்னும் பச்சை இருக்கு அத்தை. தார்ப்பாய் போட்டு மூடிட்டு, வெயில் வந்ததும் காய வைப்போம். இப்ப ஏத்த வேணாம்."

"செய்யி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வழக்கமாக நான் அப்படி விடுகிறவள் இல்லை. கால் வலி, அதனால் வந்துவிட்டேன்.

மாசி 17, சனி

மழை வரவில்லை. தாள் சருகாகக் காய்ந்த பிறகு அறுத்தோம். வியாழக்கிழமை பட்டறை ஏற்றியாயிற்று. நடுவில் காற்றுப் போகத் தகரக் குழாய் வைக்கச் சொன்னாள், அதில் ஓட்டைகள். நான் முப்பது பட்டறை போட்டிருக்கிறேன். குழாய் வைத்ததில்லை. வைத்தாயிற்று.

ஒரு குறை எழுத வேண்டும். மாணவர் பட்டறையில் கை வைக்க மாட்டார். பிடுங்குவார், அறுப்பார், கூடை சுமப்பார். பட்டறைக்கு நாலு அடி தள்ளி நின்று கூடையை ஆள் கையில் கொடுப்பார். ஏற மாட்டார், கொட்ட மாட்டார், வலையைக்கூடத் தொட மாட்டார். பத்து வருஷமாக இப்படித்தான். சூடு பார்க்கிற கருவியை ஒரு நீளக் கழியில் கட்டி, தள்ளி நின்று உள்ளே விட்டுப் பார்க்கிறார். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

கேட்டால், "எதுக்கு வம்பு அத்தை" என்கிறாள். அவ்வளவு அழுத்தம் அவளுக்கு.

மாசி 24, சனி

களத்தில் கிடந்த வெங்காயக் கழிவு பொறுக்கினார். வகுப்புக்குப் போனார். பேத்தி நிறைமதிக்கு ஜுரம். ஊசி போட்டாயிற்று.

பங்குனி 1, சனி

புதிதாக ஒரு தலைவலி. கடைசி அறிக்கைக்குப் பத்து வருஷத்துப் பட்டறை விவரம் வேண்டுமாம். எந்த வருஷம் எத்தனை நாள் காயவைத்தோம், எத்தனை நாள் வைத்திருந்தோம், எவ்வளவு அழுகியது, ஏன் அழுகியது. இதை எவன் எழுதி வைத்தான்? என் மாமனார் எழுதவில்லை, என் புருஷன் எழுதவில்லை.

"ஒங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே அத்தை. சொல்லுங்க, நான் தட்டிக்கிறேன்" என்று கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கம்பெனியில் பழசாகிப்போய்த் தூக்கிக் கொடுத்த கம்ப்யூட்டர்.

சொன்னேன். "அஞ்சலை மவ சடங்குக்கு எனக்கு மட்டும் நூல் சேலை எடுத்தாளே, அந்த வருசம் எழுவது நாள்ல பிரிச்சோம். கூடைக்கு ரெண்டு கை அழுகல். கீத்து ஒழுகிச்சு."

அவள் ஒரு வருஷத்தைத் தட்டினாள்.

"ஒங்கப்பா தலைதீபாவளிக்குக் கொடுத்த வெள்ளி வெளக்கு வெள்ளியே இல்லன்னு தெரிஞ்சுதே, அதுக்கு அடுத்த மாசி. தொண்ணூறு நாள். அழுகலே இல்ல."

அவள் அதையும் தட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தனவேலு கோவிச்சுக்கிட்டு நிறைமதி காதுகுத்துக்கு வராம இருந்தானே, அந்த வருசம் எலி."

"அது எந்த வருஷம்னு ஒனக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன். நான் வருஷத்தின் எண்ணைச் சொல்லவே இல்லை, அவளே போட்டுக்கொண்டு போகிறாள்.

"ஒவ்வொண்ணையும் மாசத்துக்கு ஒருவாட்டி சொல்றீங்களே அத்தை. எனக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு."

மாணவர் கற்றுக்கொண்டது இது.

பங்குனி 8, சனி

ஒன்பது வருஷம் முடிந்தது. அவள் கல்யாணமாகி வந்த வருஷம் பாக்கி.

"அது ஞாபகம் இல்ல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஞாபகம் இல்லையா."

"எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்க நான் என்ன கம்ப்யூட்டரா? அதுக்கு முந்தின வருசம் சொல்றேன், எழுதிக்க. பத்து ஆயிடும்."

"முந்தின வருசம் நான் இந்த வீட்டுல இல்ல அத்தை. நான் இருந்த பத்து வருசத்தைத்தான் போடுவேன்."

வீம்பு. மேடத்துக்குப் பத்து வேண்டும், எந்தப் பத்து என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு வருஷத்தைத் தள்ளிப் போட்டால் குடியா முழுகிப்போகும்? இருந்தும் பிடிவாதம். காவேரிக்கரை நெல் ஊர்க்காரி, அவளுக்கு வெங்காயத்தில் என்ன அவ்வளவு வீம்பு.

பங்குனி 15, சனி

பட்டறையைச் சுற்றிக் களை எடுத்தார். அடியில் நீர் கசியவில்லை. வாடை இல்லை. குழாய் வைத்தது பரவாயில்லை போல இருக்கிறது. இதை மேடம் படித்து அவளிடம் சொல்ல வேண்டாம்.

பங்குனி 22, சனி

இன்று நடந்ததை முழுசாக எழுதுகிறேன். மேடமும் படிக்கட்டும்.

காலையில் மேடம் போனில் முகம் தெரிகிற மாதிரி வந்தார். நான் தலை வாரிக்கூட இல்லை. மலர்க்கொடி போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்தாள்.

"வணக்கம் அம்மா. ஒங்க நோட்ட விடாம படிக்கிறேன்" என்றார் மேடம். "ஒரே ஒரு சந்தேகம். மலர்க்கொடி, நீங்களே சொல்லுங்க. மொதல் வருஷம் மொத்த பட்டறையும் அழுகிடுச்சுன்னு போட்டிருக்கீங்க. காரணம்னு இருக்கற கட்டத்துல எழுதியிருக்கறத படிங்க."

மலர்க்கொடி படித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரிப் படித்தாள். "வீட்டு விலக்கான நாளில் புது மருமகள் பட்டறையைத் தொட்டதால் அழுகியது. இது பண்ணை உரிமையாளர் கூற்று."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

மேடம் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு, "அம்மா, இது நீங்க சொன்னதா?" என்றார்.

"எப்பவோ சொன்னது" என்றேன்.

"இத அறிவியல் காரணமா நாங்க ஏத்துக்க முடியாது. ஆனா மொத்தமும் அழுகின வருஷம்தான் இந்த ஆய்வுக்கே முக்கியம். வேற காரணம் இருந்தா ஒங்க கையால எழுதித் தாங்க. இல்ல, இதுதான் காரணம்னா, இதையே ஒங்க கையால எழுதிக் கையெழுத்து போடுங்க. காரணம் இல்லாம அறிக்கைய வாங்க மாட்டாங்க. சித்திரை பதிமூணு கடைசி நாள்."

போன் அணைந்ததும் கேட்டேன். "ஏன்டி, பத்து வருசம் வயித்துல வெச்சிருந்து இப்ப எடுத்துப் போடறியா?"

"நான் ஒண்ணும் புதுசா போடலையே அத்தை. ஊரே கேக்க நீங்க சொன்னத எழுதினேன். தப்பா எழுதியிருந்தா திருத்துங்க."

பால் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள்.

நான் யார்மேல் கோபம் என்றாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அஞ்சலையைக் கேட்டால் தெரியும். இவள் மாதிரி வாயை மூடிக்கொண்டு கணக்குத் தீர்க்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பங்குனி 25, செவ்வாய்

உடம்பு சரியில்லை.

பங்குனி 29, சனி

எழுத ஒன்றும் இல்லை. மாணவர் வேலை செய்தார்.

சித்திரை 6, சனி

தனவேலு பேசினான். அவள் சொல்லிவிட்டாள் போல என்று நினைத்தேன். சொல்லவில்லையாம், மேடம் மெயில் போட்டதை இவன் போனில் பார்த்தானாம், இரண்டு பேருக்கும் ஒரே மெயிலாம்.

"அம்மா, எதையாவது எழுதிக் குடுத்துருமா. மழைன்னு எழுது, பூச்சின்னு எழுது. அவ படிப்பு வீணாப் போவுது."

"மழைன்னு எழுதினா போதுமா?"

"போதும்மா. யாரு வந்து பாக்கப் போறா."

"அவளக் கேட்டியா?"

"கேட்டேன். மழைன்னு இருந்தா அனுப்ப மாட்டேங்கறா. ஒரு வருசம் போனாப் போவட்டும்கறா. நீங்க ரெண்டு பேரும் என்னதாம்மா பண்றீங்க?"

பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வாசலில் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். அம்மா சொல்வதா பெண்டாட்டி சொல்வதா என்று கேட்டதற்கு, செருப்பைப் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனவன் அவன். அதையும் மறக்கவில்லை.

உழவர் கம்பெனியிலிருந்தும் ஆள் அனுப்பினார்கள். வைகாசி முதல் தேதிக்கு வர முடியுமா என்று கேட்டு. "தெரியல சார்" என்றாள். நிறைமதி என்னிடம் வந்து, "அப்பாயி, அம்மாவுக்கு வேலை கெடைக்காதா" என்றது. போய்ப் படி என்றேன்.

சித்திரை 10, புதன்

இன்று சனிக்கிழமை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பணியிட மேற்பார்வையாளர் எழுதுவது. முதல் வருஷம், காரணம் என்ற கட்டத்துக்கு.

அந்த வருஷமும் மாசிதான். மலர்க்கொடி கல்யாணமாகி வந்து இருபத்தேழாம் நாள் வெங்காயம் பிடுங்கி முடித்தோம். தூறல் போட்டது. களத்தில் கிடந்த வெங்காயத்தில் ஈரம் இருந்தது. அஞ்சலை முன்னாலேயே பட்டறை போட்டுவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்குப் போடப் போனபோது, நல்லம்மா வீட்டில் மருமகள் வந்ததும் வேலை தூங்குகிறது என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். நான் வந்து அன்றைக்கே பட்டறை ஏற்றச் சொன்னேன்.

மலர்க்கொடி வேண்டாம் என்றாள். நெல்லையே ஈரத்தோடு குதிரில் போட்டால் புழுங்கிப்போகும், வெங்காயம் தாங்குமா அத்தை என்றாள். நெல் ஊரிலிருந்து வந்த நீ எனக்கு வெங்காயம் சொல்லித் தருகிறாயா என்று ஆட்களுக்கு நடுவில் கேட்டேன். ஏற்றினோம். காற்றுப் புகாமல் நெருக்கமாகக் கீற்று போட்டேன், மறுபடி மழை வந்தால் என்று.

நாற்பத்து இரண்டாம் நாள் வாடை வந்தது. பிரித்தால் உள்ளே வெந்த மாதிரி இருந்தது, கையை விட்டால் சுட்டது. விதைக்கு ஒரு கூடை மிஞ்சவில்லை. விதை வெங்காயம் கேட்டு அஞ்சலை வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன். அவள் எப்படி அழுகியது என்று கேட்டாள். அப்போது அங்கே பதினோரு பேர் இருந்தார்கள். யார் யார் என்று இப்போதும் சொல்வேன். நான் மலர்க்கொடி பெயரைச் சொன்னேன்.

வீட்டு விலக்கான நாட்களில் அவள் பட்டறைப் பக்கமே வரவில்லை. எனக்குத் தெரியும். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் இருந்தாள், சோறு நான்தான் கொண்டு போய் வைத்தேன்.

அதன் பிறகு அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். அவள் அப்பா வந்து கூப்பிட்டுப் போனபோது என்னிடம் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த வெள்ளி விளக்கு விஷயம் அதற்குப் பிறகு வந்தது. அது வேறு. அதில் நான் சொன்னது சரிதான்.

அழுகியதற்குக் காரணம்: ஈர வெங்காயத்தை ஏற்றியது. ஏற்றியவர்: நல்லம்மாள்.

இதில் மழையை எழுத வேண்டாம். மழை கொஞ்சம்தான் பெய்தது.

சித்திரை 13, சனிக்கிழமை

இன்று கடைசி நாள். காலையில் நோட்டை அவள் மேஜைமேல் வைத்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் கரைக்கப் போனேன். வழக்கமாகப் படிக்காமல் டக் டக் என்று படம் எடுத்து அனுப்பிவிடுவாள். இன்று சத்தமே வரவில்லை. தீவனம் கரைத்து, சாணி அள்ளி, வாசல் கூட்டி, கூட்டிய வாசலையே மறுபடி கூட்டினேன்.

ரொம்ப நேரம் கழித்து வந்தாள். கண்ணைக் கழுவியிருந்தாள், முந்தானை நுனி நனைந்திருந்தது. கையில் நோட்டும் பேனாவும்.

"அத்தை, இதுல ஒரு விவரம் விட்டுப்போச்சு. எத்தனை நாள் காய வெச்சீங்கன்னு எழுதல. அது இல்லாம கட்டம் நெறையாது."

"ரெண்டு."

எழுதிக்கொண்டாள். போகவில்லை.

"எத்தனை நாள் காய வெச்சிருக்கணும்?"

இவள் படிக்கிற படிப்பில் அது இல்லாமலா இருக்கும்? எழுத்து எழுத்தாகக் கேட்டு வாங்குகிறாள்.

"நீ அன்னிக்குச் சொன்ன அளவு" என்றேன்.

"எண்ணா வேணும் அத்தை. நான் எத்தனை சொன்னேன், மூணா நாலா? எனக்கே மறந்துபோச்சு."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. சொன்னவளுக்கே ஞாபகம் இல்லையாம்.

"அஞ்சு" என்றேன். "களத்துக்குக் கெழக்கால நின்னே. பச்சை ரவிக்கை. ஒரு வெங்காயத்தக் கையால நசுக்கிக் காட்டி, 'அஞ்சு நாளாச்சும் கெடக்கட்டும் அத்தை'ன்னு சொன்னே. ரெண்டுவாட்டி சொன்னே."

அவள் அஞ்சு என்று எழுதினாள். அதன்கீழ் கையெழுத்துப் போட நோட்டை என்னிடம் நீட்டினாள்.